ஆங்கில வினைகள் எத்தனை வகை? திருப்பூர் வாசகருக்குப் பதில்

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதும் பணியில் இருக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில்தான். ‘டிட் யூ ரிசீவ்ட் த சாம்பிள்ஸ்’, ‘வீ டிஸ்கஸ்ட் அபவுட் த ரேட்’, ‘த டிலே வாஸ் ஹாப்பன்ட்’, ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’ என்று நான் எழுதுவனவற்றை மேலாளர் திருத்துகிறார். ஏன் தவறு என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. இலக்கண நூல்களைத் திறந்தால் வினைச்சொல் வகைகள் ஒன்றில் எட்டாகவும் மற்றொன்றில் பன்னிரண்டாகவும் இருக்கின்றன. உண்மையில் எத்தனை வகை? எதை முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். உங்கள் குழப்பத்துக்குக் காரணம் அந்தப் பட்டியல்களே. வெவ்வேறு அடிப்படையில் பிரிக்கப்பட்ட வகைகளை அவை ஒரே வரிசையில், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிட்டு அடுக்கிவிடுகின்றன. ஒரு மனிதர் தொழிலால் நெசவாளராகவும், குடும்பத்தில் தந்தையாகவும், இரத்தப் பிரிவால் ‘ஓ பாசிட்டிவ்’ ஆகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார். இவற்றை மனிதரின் மூன்று வகைகள் என்று யாரும் எண்ணுவதில்லை. ‘ஹீ புரோக் த மெஷின்’ என்ற வாக்கியத்தில் வரும் ‘புரோக்’ அப்படித்தான்: அது முதன்மை வினை, செயப்படுபொருளை வேண்டும் வினை, செயலைக் குறிக்கும் வினை, ஒழுங்கற்ற வடிவமுடைய வினை. நான்கு வகைப் பெயரும் ஒரே சொல்லுக்கு ஒரே வாக்கியத்தில் பொருந்துகின்றன. ஆகவே எத்தனை வகை என்று எண்ணிப் பயனில்லை. உங்கள் வாக்கியத்தில் நிற்கும் வினையிடம் என்னென்ன கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதே பயன் தரும். அவற்றுள் மூன்று கேள்விகள் உங்கள் நான்கு தவறுகளையும் தீர்த்துவிடும்.

முதல் கேள்வி, இந்த வினை தனியாக வேலை செய்கிறதா, வேறொரு வினைக்குத் துணை செய்கிறதா என்பது. 1985ஆம் ஆண்டு ராண்டால்ஃப் குவெர்க், சிட்னி கிரீன்பாம், ஜெஃப்ரி லீச், யான் ஸ்வார்ட்விக் ஆகிய நால்வரும் சேர்ந்து வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம் வினைகளை இந்த அடிப்படையில் மூன்றாகவே பிரிக்கிறது. முதன்மை வினையாக மட்டும் வருபவை ஒரு பிரிவு. ‘ரைட்’, ‘ஷிப்’, ‘ரிசீவ்’ போன்ற ஆயிரக்கணக்கான சொற்கள் இதில் அடங்கும். ‘கேன்’, ‘குட்’, ‘மே’, ‘மைட்’, ‘ஷால்’, ‘ஷுட்’, ‘வில்’, ‘வுட்’, ‘மஸ்ட்’ என்ற ஒன்பதும் துணையாக மட்டுமே வருபவை. மோடல் வினைகள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ‘பி’, ‘ஹேவ்’, ‘டூ’ ஆகிய மூன்று மட்டும் இரண்டு வேலையும் செய்யும். ‘வாட் டூ யூ டூ?’ என்ற எளிய கேள்வியில் முதல் ‘டூ’ துணைவினை, இரண்டாவது முதன்மை வினை. சொல் ஒன்றே, அது நிற்கும் இடந்தான் வகையை முடிவு செய்கிறது.

உங்கள் முதல் தவறு இங்கேதான் பிறக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வினைகள் சேர்ந்து ஒரு தொடராக வந்தால், காலத்தைக் காட்டும் உரிமை முதலில் நிற்கும் வினைக்கு மட்டுமே உண்டு. ‘டிட்’ என்று சொன்ன அந்தக் கணத்திலேயே இறந்தகாலம் சொல்லியாகிவிட்டது. அதன்பின் வரும் ‘ரிசீவ்’ அடிப்படை வடிவத்தில் நின்றால் போதும். அதற்கும் இறந்தகாலம் ஏற்றினால் ஒரே காலத்தை இரண்டு முறை சொன்னதாகிவிடும். எனவே ‘டிட் யூ ரிசீவ் த சாம்பிள்ஸ்?’ என்பதே சரி. ‘டஸ் ஹீ ஒர்க்ஸ்’ என்பதும், ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்பதும் இதே காரணத்தால்தான் தவறு. தமிழில் நாம் ‘வந்தீர்களா?’ என்று வினைமுற்றோடு ‘ஆ’ சேர்த்துக் கேள்வியை உருவாக்கிவிடுகிறோம். கேள்விக்கென்று ஒரு துணைவினையை முன்னால் கொண்டுவரும் பழக்கம் நமக்கு இல்லை. ஆங்கிலத்திலும் இது தொடக்கத்திலிருந்தே கட்டாயமாக இருந்ததன்று. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ‘டூ’ இல்லாமலும் கேள்வி கேட்டார்கள், ‘டூ’ சேர்த்தும் கேட்டார்கள். பின்னரே இது விதியாக நிலைத்தது.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வகைப் பெயர்கள் அனைத்தையும்விட உங்கள் வேலைக்கு உதவப்போவது இதுதான். ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்து நிற்கும் வினை எந்த வடிவத்தில் வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மோடல் வினைக்கும் ‘டூ’வுக்கும் பின்னால் அடிப்படை வடிவம் வரும். ‘ஹேவ்’ என்பதற்குப் பின்னால் ‘ரிட்டன்’, ‘டேக்கன்’ போன்ற மூன்றாம் வடிவம் வரும். ‘பி’ என்பதற்குப் பின்னால், நடந்துகொண்டிருக்கும் செயலானால் ‘இங்’ விகுதி பெற்ற வடிவமும், செயப்பாட்டு வினையானால் மூன்றாம் வடிவமும் வரும். ‘த குட்ஸ் மஸ்ட் ஹேவ் பீன் டேமேஜ்ட்’ என்ற வாக்கியத்தை இடமிருந்து வலமாகப் படித்துப் பாருங்கள். ‘மஸ்ட்’ இருப்பதால் ‘ஹேவ்’ அடிப்படை வடிவத்தில் நிற்கிறது. ‘ஹேவ்’ இருப்பதால் அடுத்தது ‘பீன்’ ஆகிறது. அந்த ‘பீன்’ செயப்பாட்டைக் குறிப்பதால் ‘டேமேஜ்ட்’ மூன்றாம் வடிவம் பெறுகிறது. ‘இட் ஷுட் ஹாஸ் பீன்’ என்று அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி காணப்படும் பிழை ஏன் பிழை என்பது இப்போது உங்களுக்கே விளங்கும்: ‘ஷுட்’ என்பதற்குப் பின்னால் ‘ஹாஸ்’ நிற்க இடமில்லை.

மோடல் வினைகள் எழுவாய்க்கேற்ப மாறுவதில்லை, ‘டு’ என்னும் இடைச்சொல்லையும் ஏற்பதில்லை, ஒன்றோடொன்று சேர்ந்து வருவதும் பொது ஆங்கிலத்தில் இல்லை. ‘ஐ கேன் ஏபிள் டு’ என்று நம்மில் பலர் எழுதுவது, இயலும் என்பதை இரண்டு முறை சொல்வதாகும். ‘ஐ கேன்’ அல்லது ‘ஐ ஆம் ஏபிள் டு’, இவற்றில் ஒன்று போதும். ‘நீட்’ போன்ற சில சொற்கள் ‘யூ நீட் நாட் கம்’ என்பதில் துணையாகவும், ‘யூ டோன்ட் நீட் டு கம்’ என்பதில் முதன்மை வினையாகவும் வருவதால், மோடல்களின் எண்ணிக்கையும் நூலுக்கு நூல் மாறும். அந்த எண்ணிக்கை உங்களைக் கவலைப்படுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி, இந்த வினை தனக்குப் பின்னால் எதை வேண்டுகிறது என்பது. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று தமிழில் படித்த பாகுபாடுதான் ஆங்கிலத்தில் இன்டிரான்சிட்டிவ், டிரான்சிட்டிவ் என்று வருகிறது. பாகுபாடு பழகியதாக இருந்தாலும் இரண்டு மொழிகளும் அதைக் கையாளும் முறை வேறு. தமிழ் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் வினையின் உருவத்திலேயே காட்டிவிடுகிறது: கண்ணாடி உடைந்தது, அவன் கண்ணாடியை உடைத்தான், நூல் அறுந்தது, அவள் நூலை அறுத்தாள். ஆங்கிலத்திலோ ‘த கிளாஸ் புரோக்’, ‘ஹீ புரோக் த கிளாஸ்’ என்று ஒரே உருவம் இரண்டு இடத்திலும் நிற்கும். ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ போல மிகச் சில இணைகளே உருவத்தில் வேறுபடுகின்றன: ‘பிரைசஸ் ரைஸ்’ என்றால் விலை தானாக உயர்கிறது, ‘தே ரெய்ஸ் த பிரைஸ்’ என்றால் அவர்கள் உயர்த்துகிறார்கள். உருவத்தைப் பார்த்து வகையைக் கண்டுபிடிக்க முடியாததால், ஆங்கில வினை ஒவ்வொன்றையும் அதன் பின்னால் வரும் சொற்களோடு சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது.

‘டிஸ்கஸ்’ என்பது செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும் வினை. ‘வீ டிஸ்கஸ்ட் த ரேட்’ என்பதே முழுமையான வாக்கியம். இடையில் ‘அபவுட்’ நுழைய வேண்டியதில்லை. அது நுழைவதற்கு ஒரு காரணம், ‘டிஸ்கஷன் அபவுட் த ரேட்’ என்ற பெயர்ச்சொல் தொடரும், ‘டாக் அபவுட்’ என்ற வினையும் நம் காதில் ஏற்கெனவே பதிந்திருப்பது. ‘என்டர்’, ‘ரீச்’, ‘அட்டெண்ட்’, ‘மென்ஷன்’ ஆகியவையும் ‘டிஸ்கஸ்’ போலவே நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும். ‘லிசன்’ என்பதற்கு ‘டு’வும் ‘வெயிட்’ என்பதற்கு ‘ஃபார்’ என்பதும் இல்லாமல் முடியாது. இவற்றுக்குப் பொது விதி எதையும் நான் தர இயலாது. வினையைப் படிக்கும்போதே அதன் துணைச்சொல்லையும் சேர்த்துப் படிப்பது ஒன்றே வழி.

உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும், அலுவலக மின்னஞ்சல்களில் நான் மிகுதியாகக் காணும் பிழை ஒன்று இதே கேள்வியைச் சார்ந்தது. ‘மாதிரி கிடைத்ததா?’ என்று கேட்டால் தமிழில் ‘கிடைத்தது’ என்று சொன்னால் போதும். எது என்பது சூழலிலேயே தெரிந்துவிடுவதால் அதைத் திரும்பச் சொல்வதில்லை. அதே பழக்கத்தில் ‘எஸ், ஐ ரிசீவ்ட்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘ரிசீவ்’ என்பது செயப்படுபொருள் இல்லாமல் நிற்காது. ‘ஐ ரிசீவ்ட் தெம்’ என்று குறைந்தது ஒரு பிரதிப்பெயராவது வர வேண்டும். ‘டிட் யூ லைக்?’ என்பது ‘டிட் யூ லைக் இட்?’ என்றும், ‘ஐ அட்டாச்ட்’ என்பது ‘ஐ அட்டாச்ட் த இன்வாய்ஸ்’ என்றும் நிறைவு பெற வேண்டும். ஒரு மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன், அதிலுள்ள ஒவ்வொரு வினையிடமும் ‘எதை?’ என்று கேட்டு, விடை வாக்கியத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் இத்தகைய பிழை பெருமளவு குறையும்.

‘த டிலே வாஸ் ஹாப்பன்ட்’ என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. செயப்பாட்டு வாக்கியத்தில் செயப்படுபொருள் எழுவாயின் இடத்துக்கு வருகிறது. செயப்படுபொருளே இல்லாத வினைக்கு அந்த மாற்றம் நிகழ வழியில்லை. ‘ஹாப்பன்’, ‘அக்கர்’, ‘அரைவ்’, ‘டிஸப்பியர்’ ஆகியவை செயப்படுபொருள் குன்றிய வினைகள். எனவே ‘த டிலே ஹாப்பன்ட்’ என்று எழுதலாம். காரணத்தையும் சொல்ல வேண்டுமானால் ‘த டிலே வாஸ் காஸ்ட் பை த ரெய்ன்’ என்று, செயப்படுபொருளை ஏற்கும் ‘காஸ்’ என்ற வினையைக் கொண்டு செயப்பாட்டில் எழுதலாம். வகை தெரிந்திருப்பதால் கிடைக்கும் நேரடிப் பயன் இது.

இரண்டு செயப்படுபொருள்களை ஏற்கும் வினைகளும் உண்டு. ‘டெல் மீ த பிரைஸ்’, ‘ஷோ மீ த சாம்பிள்’ என்று சொல்லலாம். ஆனால் ‘ஸே மீ’ என்றோ ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்றோ சொல்ல இயலாது. ‘எக்ஸ்ப்ளெய்ன் த பிராப்ளம் டு மீ’ என்பதே அந்த வினையின் அமைப்பு. எழுவாயை அதன் பயனிலையோடு இணைப்பது மட்டுமே வேலையாக உடைய ‘பி’, ‘பிகம்’, ‘சீம்’ போன்ற இணைப்பு வினைகளும் உண்டு. ‘அவர் மேலாளர்’ என்று தமிழில் வினையே இல்லாமல் ஒரு வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘இஸ்’ இல்லாமல் அது வாக்கியமே ஆகாது. இவ்வினைகளுக்குப் பின் பண்பைச் சொல்ல வரும் சொல் பெயரடையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: ‘த ஃபேப்ரிக் ஃபீல்ஸ் சாஃப்ட்’ என்பதே சரி, ‘சாஃப்ட்லி’ அன்று.

மூன்றாவது கேள்வி, இந்த வினை ஒரு செயலைச் சொல்கிறதா, ஒரு நிலையைச் சொல்கிறதா என்பது. மெய்யியலாளர் ஜீனோ வெண்ட்லர் 1957இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வினைகள் காலத்தில் எவ்வாறு விரிகின்றன என்பதைக் கொண்டு அவற்றை நான்காகப் பிரித்துக் காட்டினார்; மொழியியலில் அந்தப் பகுப்பு இன்றும் பேசப்படுகிறது. உங்கள் தேவைக்கு இரண்டு போதும். ‘ரைட்’, ‘பேக்’, ‘செக்’ ஆகியவை தொடங்கி, நடந்து, முடியும் செயல்கள். அவை நடந்துகொண்டிருக்கும்போது ‘ஐ ஆம் செக்கிங்’ என்று ‘இங்’ வடிவம் பெறுகின்றன. ‘நோ’, ‘வான்ட்’, ‘பிலாங்’, ‘ஓன்’ ஆகியவை நிலைகள். அவற்றுக்கு நடந்துகொண்டிருத்தல் என்பது பொதுவாக இல்லை. இந்த உணர்வு தமிழருக்குப் புதியதன்று. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்கு வேண்டும்’ என்று சொல்கிறோமே தவிர, ‘தெரிந்துகொண்டிருக்கிறது’ என்றோ ‘வேண்டிக்கொண்டிருக்கிறது’ என்றோ அப்பொருளில் யாரும் சொல்வதில்லை.

அப்படியிருந்தும் ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’ என்று எழுதுவது ஏன்? ‘எழுதுகிறேன்’ என்ற ஒரே வடிவம் வழக்கமாக எழுதுவதையும் இப்போது எழுதிக்கொண்டிருப்பதையும் தமிழில் குறிக்கும். அதனால் ‘இருக்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல முற்படும்போது ‘இங்’ வடிவமே பொருத்தமானதாக நமக்குத் தோன்றிவிடுகிறது என்பது என் கருத்து. இந்தியா முழுவதிலும் ஆங்கிலம் பேசுவோரிடம் இந்த வழக்கு பரவலாக உண்டு. உங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் அது புரியும், ஆனால் பிழையாகத் தோன்றும். சந்தேகம் இருப்பது ஒரு நிலை என்பதால் ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று எழுதுங்கள். ‘டவுட்’ என்று எழுதினால், அவருடைய சொல்லை நீங்கள் நம்பவில்லை என்று வாடிக்கையாளர் பொருள் கொள்ள இடமுண்டு. ‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச்’ என்பது மட்டும் எப்படிச் சரி என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ‘ஹேவ்’ உடைமையைக் குறிக்கவில்லை, உண்ணும் செயலைக் குறிக்கிறது. ‘ஐ திங்க் த ரேட் இஸ் ஹை’ என்பது கருத்து, அதாவது நிலை; ‘ஐ ஆம் திங்கிங் அபவுட் யுவர் ஆஃபர்’ என்பது இப்போது நிகழும் ஆலோசனை, அதாவது செயல். இங்கும் ஒரே வினை வாக்கியத்துக்கேற்ப வகை மாறுகிறது.

முற்று, எச்சம் என்ற பாகுபாடும் உங்கள் பட்டியலில் இருந்திருக்கும். ‘சாக்கைப் பிரித்து, எண்ணிப் பார்த்து, கையெழுத்திட்டார்’ என்று எச்சங்களை அடுக்கி ஒரே முற்றில் முடிப்பது தமிழின் இயல்பு. ஆங்கிலம் அந்த இடத்தில் ‘ஹீ ஓப்பன்ட், கவுண்டட் அண்ட் சைன்ட்’ என்று ஒவ்வொன்றையும் முற்றாகவே வைக்க விரும்பும். எச்ச வடிவங்களில் ‘டு’ சேர்ந்ததும் ‘இங்’ சேர்ந்ததும் எந்த வினைக்குப் பின் வரும் என்பது அந்தந்த வினையைப் பொறுத்தது: ‘அக்ரீ டு பே’, ஆனால் ‘அவாய்ட் பேயிங்’. கடிதத்தின் இறுதியில் எழுதும் ‘வீ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்பதிலுள்ள ‘டு’ எச்சத்துக்கு உரியதன்று, ‘லுக் ஃபார்வர்ட்’ என்ற தொடருக்கு உரியது. அதனால்தான் ‘ஹியர்’ என்று வராமல் ‘ஹியரிங்’ என்று வருகிறது.

மனப்பாடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனப்பாடம் தேவைப்படும் ஒரே வகை ஒழுங்கற்ற வினைகள்தாம். பொதுவழக்கில் ஏறத்தாழ 200 இருக்கலாம். ‘பி’, ‘ஹேவ்’, ‘டூ’, ‘ஸே’, ‘கோ’, ‘கெட்’, ‘மேக்’ என்று மிக அதிகமாகப் புழங்கும் வினைகளே பெரும்பாலும் ஒழுங்கற்றவை என்பதால் அவற்றைத் தவிர்க்க முடியாது. ‘கோ’வுக்கு ‘வென்ட்’ என்று தொடர்பே இல்லாத இறந்தகாலம் இருப்பதற்குக் காரணம், அது வேறொரு பழைய வினையிடமிருந்து வந்து சேர்ந்ததுதான். ‘ஈமெயில்’, ‘ஸ்கேன்’ போல மொழிக்குப் புதிதாக வரும் வினைகள் ஏறக்குறைய எல்லாமே ‘எட்’ விகுதி பெற்று ஒழுங்காகவே நடக்கின்றன. ஆகவே உங்கள் சுமை இனிக் கூடப்போவதில்லை. அகரவரிசையில் படிக்காமல் ஒலி ஒத்தவற்றைச் சேர்த்துப் படியுங்கள்: மாறாமல் நிற்கும் ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’ ஒரு கூட்டம், ‘சிங், சாங், சங்’, ‘ரிங், ராங், ரங்’ ஒரு கூட்டம், ‘பிராட்’, ‘பாட்’, ‘தாட்’, ‘டாட்’ மற்றொரு கூட்டம்.

மற்ற வகைகளுக்கு நல்ல அகராதி ஒன்றே போதும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஏ. எஸ். ஹார்ன்பி, பிறமொழியினர் சொல்லின் பொருளை அறிந்திருந்தும் வினையை எந்த அமைப்பில் பயன்படுத்துவது என்று தெரியாமல் இடறுவதைக் கருத்தில் கொண்டு, 1942இல் டோக்கியோவில் வெளியான தம் அகராதியில் வினை அமைப்புகளைக் குறியீடுகளோடு சேர்த்தார். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியாக வளர்ந்தது அதுவே. இன்றைய கற்போர் அகராதிகளிலும் ஆங்கில–தமிழ் அகராதியில் கிடைக்காத அந்தக் குறிப்புகள் இருக்கின்றன: ‘டி’ என்ற எழுத்து டிரான்சிட்டிவ், ‘ஐ’ என்ற எழுத்து இன்டிரான்சிட்டிவ், அருகிலேயே அந்த வினை எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பதும் ஒரு முழு எடுத்துக்காட்டும் இருக்கும். நீங்கள் நாள்தோறும் எழுதும் ‘கன்ஃபர்ம்’, ‘ரிசீவ்’, ‘அட்டாச்’, ‘டிலே’, ‘ரிக்வெஸ்ட்’ ஆகிய ஐந்து வினைகளை இந்த வாரம் அதில் தேடி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் அலுவலக மின்னஞ்சலிலிருந்தே ஒரு முழு வாக்கியத்தை எழுதி வையுங்கள். ‘ரிக்வெஸ்ட்’ என்ற இடத்துக்கு வரும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள்: அது பெயர்ச்சொல்லாக வந்தால் ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் பேமென்ட்’, வினையாக வந்தால் ‘வீ ரிக்வெஸ்ட் பேமென்ட் பை ஃப்ரைடே’, இடையில் ‘ஃபார்’ கிடையாது.